பயிற்சி முடிந்த மறுநாள்

நெய்வேலி, மந்தாரக்குப்பம், வடலூர், குறிஞ்சிப்பாடி, விருத்தாசலம் வட்டாரத்தில் ஐடிஐ முடித்த பிள்ளை இருக்கும் வீடுகளில் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு: “என்.எல்.சி.யில் அப்ரண்டிஸ் போட்டாச்சா?” நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி வெட்டும் அந்த நிறுவனத்தின் அறிவிப்பு வந்துவிட்டால் கணினி மையங்களில் கூட்டம் சேர்ந்துவிடும். மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று, நிலம் கொடுத்த குடும்பம் என்றால் அதற்கான சான்று என்று எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்து அடுக்குவார்கள். பிட்டர், டர்னர், எலக்ட்ரீஷியன், வயர்மேன், வெல்டர், மோட்டார் மெக்கானிக் என டிரேடு வாரியாகத் தேர்வுப் பட்டியல் வரும். பெயர் இருந்தால் வீட்டில் நிம்மதி. உதவித்தொகையோடு ஓராண்டு உள்ளே போய்வரலாம். முடிவில் ஒரு தேர்வு. தேறினால் தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழ். அதற்கு மறுநாள்?

மறுநாளைப் பற்றி யாரும் பட்டியல் ஒட்டுவதில்லை. சிலர் ஒரகடத்துக்கோ ஓசூருக்கோ பஸ் ஏறுகிறார்கள். சிலர் ஏஜென்ட்டைப் பிடித்து வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ போகிறார்கள். சிலர் அதே சுரங்கத்துக்குள் ஒப்பந்தக்காரரின் ஆளாகத் திரும்ப நுழைகிறார்கள். இன்னும் சிலர் ‘அப்ரண்டிஸ் முடித்தோர்’ என்று பேனர் கட்டி, வேலை கேட்டு உட்கார்கிறார்கள். தொழிற்கல்விக்கும் தொழில் நிறுவனங்களுக்கும் உள்ள உறவு பற்றிப் பேசும்போதெல்லாம் எத்தனை ஒப்பந்தம் கையெழுத்தானது, எத்தனை இடம் நிரம்பியது என்றே கணக்குச் சொல்கிறோம். அந்த உறவை எடைபோட வேண்டிய இடம் இந்த மறுநாள்தான் என்பது என் கட்சி. உலகெங்கும் தொழிற்கல்வி ஆய்வுகள் அறுபது ஆண்டுகளாகச் சுற்றிச் சுற்றி வந்து சேர்ந்திருப்பதும் இதன் பக்கத்தில்தான்.

முதலாளி ஏன் கற்றுக்கொடுக்கிறார்?

1964இல் பொருளியலாளர் கேரி பெக்கர் ‘மனித மூலதனம்’ பற்றிய தன் நூலில் ஒரு சங்கடமான கேள்வியை எழுப்பினார். எங்கு போனாலும் பயன்படும் ஒரு தொழிலை முதலாளி ஏன் தன் செலவில் கற்றுக்கொடுக்க வேண்டும்? கற்றுக்கொண்டவன் மறுநாளே பக்கத்து ஆலைக்குப் போய்விட்டால் செலவு இவருக்கு, வரவு அவருக்கு. ஆகவே பொதுத் தொழிலுக்கான செலவைக் கற்பவனே குறைந்த கூலி வாங்கி ஏற்பான். தன் ஆலைக்கு மட்டுமே பயன்படும் வித்தைக்குத்தான் முதலாளி செலவழிப்பார் என்பது அவர் வாதம். கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் ஜெர்மனியில் கதை வேறாக நடந்துகொண்டிருந்தது. அங்கே நிறுவனங்கள் எங்கும் செல்லுபடியாகும் தொழிலைக் கைக்காசு போட்டுக் கற்றுக்கொடுத்துவந்தன.

இதற்கான விடையை 1990களின் இறுதியில் டாரன் அசெமோக்லுவும் ஜோர்ன்-ஸ்டெஃபன் பிஷ்கேயும் தேடினார்கள். மூன்றாண்டு கூடவே வைத்திருந்து பார்த்த பையனின் கை எப்படிப்பட்டது என்பது அந்த நிறுவனத்துக்குத் தெரியும். வெளியே இருப்பவருக்குத் தெரியாது. அந்த அறிவுக்கு ஒரு விலை உண்டு. நல்ல கையைத் தக்கவைத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை இருப்பதால்தான் செலவழிக்கத் துணிகிறார்கள் என்பது அவர்கள் கண்டது. பான் நகரில் உள்ள ஜெர்மன் கூட்டாட்சித் தொழிற்கல்வி நிறுவனம் பல பத்தாண்டுகளாக நிறுவனங்களிடம் வரவுசெலவு கேட்டு ஆய்வு நடத்திவருகிறது. பயிற்சிக் காலத்தை மட்டும் பார்த்தால் சராசரி ஜெர்மன் நிறுவனத்துக்கு நஷ்டம்தான். பயிற்சி முடித்தவர்களில் ஏறக்குறைய நான்கில் மூவரை அவை வேலையில் வைத்துக்கொள்கின்றன. போட்ட பணம் அங்கே திரும்புகிறது. ஸ்விட்சர்லாந்தில் கணக்கு இன்னொரு விதம். அங்கே பழகுநர்கள் சீக்கிரமே உருப்படியான வேலையில் இறக்கப்படுகிறார்கள். பயிற்சி முடிவதற்குள்ளேயே பெரும்பாலான நிறுவனங்களுக்குச் செலவு ஈடாகிவிடுகிறது. அப்புறம் அவன் எங்கு போனாலும் அவர்களுக்குப் பெரிய நஷ்டமில்லை.

இந்த இரண்டு கணக்குகளையும் எடுத்துக்கொண்டு நெய்வேலிக்கு வாருங்கள். இந்தியாவில் பழகுநர் சட்டம் 1961இல் வந்தது. 2014இல் பெரிய அளவில் திருத்தப்பட்டது. 2019இல் மாற்றப்பட்ட விதிகளின்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலைசெய்யும் நிறுவனம், ஒப்பந்தத் தொழிலாளரையும் சேர்த்த தன் மொத்த ஆள் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களைச் சேர்த்தாக வேண்டும். என்.எல்.சி. போன்ற பொதுத்துறை நிறுவனம் அதைச் செய்கிறது. எண்ணிக்கையில் குறை சொல்ல முடியாது. ஆனால் உள்ளே வரும் பையனைச் சட்டப்படி தொழிலாளியாகக் கருத முடியாது. உற்பத்தியின் பொறுப்பை அவனிடம் விடுவதில்லை. ஆக, ஸ்விஸ் கணக்கு இங்கே ஓடாது. முடித்தவனை வேலையில் வைத்துக்கொள்ளும் கட்டாயமும் இல்லை; நிரந்தர வேலைக்கு எப்போதோ வரும் அறிவிப்பு, தனித் தேர்வு, தனி வரிசை. ஜெர்மன் கணக்கும் ஓடாது. இரண்டும் இல்லாத இடத்தில் பயிற்சியில் அக்கறை காட்ட நிறுவனத்துக்குக் காரணமே இருப்பதில்லை. கட்டத்தில் எண் நிரம்ப வேண்டும் என்பது ஒன்றுதான் மிச்சம். தனிப்பட்ட அதிகாரிகளின் நல்ல மனசால் சில பிரிவுகளில் நன்றாகவே கற்றுக்கொடுக்கிறார்கள். அது அந்தந்த மனிதர்களின் குணம், ஏற்பாட்டின் குணமில்லை.

சுரங்கமே பள்ளிக்கூடமாக இருந்தபோது

இத்தனைக்கும் நெய்வேலி, தன்னைத்தானே கற்றுக்கொண்ட ஊர். 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய மண் வெளிப்பட்டது. 1956இல் இன்றைய என்.எல்.சி. நிறுவனம் உருவானது. 1957 மே மாதம் நேரு வந்து சுரங்கத்தைத் தொடங்கிவைத்தார். 1961இல் பழுப்பு நிலக்கரிப் படலம் கண்ணில் பட்டது. மறு ஆண்டே சோவியத் உதவியுடன் கட்டிய அனல்மின் நிலையத்தின் முதல் அலகு ஓடியது. மண்வெட்டும் ராட்சத பக்கெட் வீல் இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. சுற்றுவட்டாரத்தில் அப்போது முந்திரியும் பலாவும் மணிலாவும் விளைந்துகொண்டிருந்தன. இயந்திரம் என்றால் எண்ணெய் இன்ஜினைத் தவிர வேறொன்றை அறியாத ஊர்களிலிருந்து வந்தவர்கள்தான் இவற்றை ஓட்டக் கற்றார்கள்.

கற்றது மட்டுமில்லை, திருப்பியும் கற்றுக்கொடுத்தார்கள். பக்கெட் வீல் என்பது ஜெர்மனியின் இளகிய மண்ணுக்காகச் செய்யப்பட்ட இயந்திரம். நெய்வேலியில் நிலக்கரிக்கு மேலே கிடப்பதோ கடலூர் மணற்கல். கெட்டியானது, உப்புத்தாள் போல இரும்பைத் தேய்ப்பது. சக்கரத்தைச் சுற்றியுள்ள பக்கெட்டுகளின் வாயில் பொருத்திய பற்கள் எதிர்பார்த்ததைவிட வெகு சீக்கிரம் மழுங்கின. பல்லின் உலோகத்தை மாற்றிப் பார்த்தார்கள்; வடிவத்தை மாற்றினார்கள்; தேய்ந்த பல்லின் மேல் கடின உலோகத்தை வெல்டிங் செய்து ஏற்றினார்கள்; மண்ணை முன்கூட்டியே வெடிவைத்துத் தளர்த்திவிட்டு இயந்திரத்தை இறக்கினார்கள். ஒவ்வொரு தீர்வும் சுரங்கத்தின் விளிம்பில், ஷிஃப்ட்டுக்கு ஷிஃப்ட் கைமாறிய அனுபவத்திலிருந்து வந்தது. நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஆர்ட்டீசியன் நீர் இன்னொரு பாடம். இரவு பகலாக நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பிளந்துகொண்டு மேலே வரும். எந்த ஆழத்தில் எத்தனை கிணறு, எந்த பம்ப்பை எப்போது நிறுத்தலாம் என்பதெல்லாம் இங்கேயே உருவான அறிவு.

இன்னொன்றையும் அருகில் போய்ப் பார்க்கலாம். வெட்டிய மண்ணையும் கரியையும் கிலோமீட்டர் கணக்கில் கடத்துவது கன்வேயர் பெல்ட். அகலம் ஓர் ஆளின் உயரத்துக்கு மேல். ரப்பருக்குள்ளே நீளவாக்கில் எஃகுக் கம்பிகள் ஓடும். பெல்ட் அறுந்தால் அந்த வரிசை முழுக்க நிற்கும். இணைப்புப் போடும் குழு வரும். இரு முனைகளிலும் ரப்பரைச் சீவிக் கம்பிகளைத் தனித்தனியே வெளியே எடுப்பார்கள். இந்தப் பக்கக் கம்பி, அந்தப் பக்கக் கம்பி என்று அளவு பிசகாமல் மாற்றி மாற்றி அடுக்கி, நடுவில் வேகாத ரப்பரை வைத்து, மேலும் கீழும் சூடேற்றிய தகடுகளை அழுத்தி மணிக்கணக்கில் வேகவைப்பார்கள். ரப்பரைச் சீவும்போது கத்தி ஒரு கம்பியை உரசிவிட்டால் போதும். ஈரம் புகுந்து, துரு ஏறி, சில மாதம் கழித்து அதே இடத்தில் பெல்ட் பிரியும். எவ்வளவு அழுத்தினால் ரப்பர் விடும், எங்கே கம்பி ஆரம்பிக்கும் என்பதைக் கத்தி பிடித்த கைதான் சொல்லும். பாடப்புத்தகத்தில் படம் போட்டுக் காட்டலாம், கைக்கு வராது.

இதைத்தான் தொழிற்கல்வி ஆய்வின் இன்னொரு கிளை பேசுகிறது. 1991இல் ஜீன் லேவ், எட்டியென் வெங்கர் இருவரும் எழுதிய நூல் மாயன் மருத்துவச்சிகள், லைபீரியத் தையற்காரர்கள், அமெரிக்கக் கடற்படையினர் என்று பல தொழில்களில் பழகுநர்கள் எப்படித் தேறுகிறார்கள் என்று பார்த்தது. அதில் எனக்கு மறக்காமல் நிற்பது அமெரிக்க சூப்பர்மார்க்கெட் இறைச்சிக்கடைப் பழகுநர்களின் கதை. அவர்களைப் பொட்டலம் கட்டும் இயந்திரத்தில் நிறுத்திவிட்டார்கள். தேர்ந்த கைகள் இறைச்சியை வெட்டும் மேசையோ கண்ணுக்கு எட்டாத இடத்தில். பயிற்சி என்ற பெயரில் காலம் ஓடியது; தொழில் ஒட்டவில்லை. நல்ல பழகுநர் ஏற்பாட்டில் ஓரத்தில் நிற்பவன் மெல்ல மெல்ல நடுவுக்கு வருவான். கெட்ட ஏற்பாட்டில் ஓரத்திலேயே முடிந்துபோவான்.

நம் ஆலைகளில் பழகுநரை எங்கே நிறுத்துகிறோம்? “தம்பி, ஓரமா நில்லு, எதையும் தொடாதே” என்று சொல்லாத தொழிற்கூடத்தை நாட்டில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஸ்பானர் எடுத்துக்கொடுப்பது, ரெஜிஸ்டர் எழுதுவது, டீ வாங்கிவருவது, ஜெராக்ஸ் எடுப்பது என்று ஓராண்டைக் கழித்த ஐடிஐ பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். சூட்டிகையான பையன், ரிட்டயர்மென்ட்டை நெருங்கும் ஒரு சீனியரை “அண்ணே, அண்ணே” என்று ஒட்டிக்கொண்டு, அவர் வீட்டு மோட்டாரைக்கூடச் சரிசெய்து கொடுத்துத் தொழிலைப் பிடுங்கிக்கொள்வான். எல்லோருக்கும் அந்த சாமர்த்தியம் வாய்க்காது.

மேலாளர்கள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஓடும் பெல்ட்டுக்குப் பக்கத்திலும் உயர் அழுத்தக் கொதிகலனுக்குப் பக்கத்திலும் பத்தொன்பது வயதுப் பையனை விட்டுவிட முடியாது. 2020 மே, ஜூலை மாதங்களில் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் அடுத்தடுத்து நடந்த கொதிகலன் விபத்துகளை நெய்வேலி மறக்கவில்லை. தேர்ந்த தொழிலாளர்களையே தீ கொண்டுபோனது. சுரங்கத்துக்குள் யார் வேலைக்குப் போனாலும் முன்பயிற்சி பெற்றாக வேண்டும் என்று 1966ஆம் ஆண்டின் சுரங்கத் தொழிற்பயிற்சி விதிகள் சொல்வது இதனால்தான். ஆனால் தொட விடாமலிருப்பதும் பாதுகாப்பாக இருப்பதும் ஒன்றல்ல. கழித்துக்கட்டும் இயந்திரங்கள் இந்த ஊரில் எப்போதும் உண்டு. பழைய கியர்பெட்டி, ஓய்ந்த பம்ப், அறுத்துப்போட்ட பெல்ட் துண்டு, ஓட்டம் நின்ற டர்பைனின் தகடுகள். அவற்றை ஏலம் விடும் முன் நூறு முறை கழற்றி மாட்டலாம். ஓய்வுபெற்ற போர்மேன்கள் நெய்வேலியிலும் வடலூரிலும் வீடு கட்டிக்கொண்டு சும்மா இருக்கிறார்கள். அவர்களை மணிக்கணக்குக் கூலிக்கு வாத்தியாராக அழைத்தால் வருவார்கள். கூலி கொடுக்காவிட்டாலும் வரக்கூடியவர்கள் உண்டு என்பது வேறு விஷயம். சோவியத் யூனியனுக்குப் பயிற்சிக்குப் போய்வந்த தலைமுறை ஏற்கெனவே பெரும்பாலும் மறைந்துவிட்டது. அடுத்த தலைமுறையும் போய்க்கொண்டிருக்கிறது.

கையெழுத்துகளின் வரலாறு

தொழில் நிறுவனங்களைக் கூட்டாளியாக்க அரசுகள் முயலாமல் இல்லை. 2007-08இல் மத்திய அரசு 1,396 அரசு ஐடிஐகளை அரசு-தனியார் கூட்டில் மேம்படுத்தப் புறப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் ஒரு தொழில் கூட்டாளி, அவர் தலைமையில் நிர்வாகக் குழு, 2.5 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன். காகிதத்தில் அழகான திட்டம். கூட்டாளி பெயரளவுக்கு இருந்தது, குழுவுக்கு ஆசிரியரை நியமிக்கும் அதிகாரம் இல்லாதது, பணம் செலவாகாமல் வங்கியில் கிடந்தது எல்லாம் பிற்பாடு பேசப்பட்டன. தமிழ்நாடு அரசு 2022இல் டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 71 அரசு ஐடிஐகளை நவீனத் தொழில்நுட்ப மையங்களாக்க 2,877 கோடி ரூபாய்த் திட்டத்தைத் தொடங்கியது. ரோபாட்டிக்ஸ், சிஎன்சி, மின்வாகனம் என்று புது டிரேடுகள் வந்தன. தூசி படிந்த பழைய லேத்துகளைப் பார்த்துச் சலித்த கண்களுக்கு அந்தக் கூடங்கள் நிஜமாகவே ஆறுதல். மத்திய அரசு 2025 அக்டோபரில் தொடங்கிய பிஎம்-சேது திட்டத்தில் 60,000 கோடி ரூபாய், 1,000 ஐடிஐகள், நிர்வாகத்தில் தொழில் நிறுவனங்களுக்கு முன்னிருக்கை.

இவையெல்லாம் இயந்திரத்துக்கும் கட்டடத்துக்கும் பணம் போடுகின்றன. இயந்திரம் ஏழெட்டு ஆண்டில் பழசாகும். கற்பிப்பவர் பழசாகாமல் பார்த்துக்கொள்ள ஆலைக்கும் ஐடிஐக்கும் இடையே ஆட்கள் போய்வர வேண்டும்: ஐடிஐ பயிற்றுநர் ஆண்டில் சில வாரம் ஆலையில், ஆலை போர்மேன் வாரத்தில் ஒருநாள் ஐடிஐயில். 2016இல் வந்த இருவழிப் பயிற்சி முறை, மாணவன் பாதிக் காலம் ஐடிஐயிலும் பாதிக் காலம் ஆலையிலும் இருக்க வழி செய்கிறது. மாணவனுக்கு அந்த வழி திறந்ததுபோல் பயிற்றுநருக்கும் திறந்திருக்க வேண்டும். பொருளுக்குப் பட்ஜெட் தலைப்பு இருக்கிறது, மனிதர் போய்வரத் தலைப்பு இல்லை என்ற வழக்கமான அரசாங்க நோய் இங்கேயும் பிடித்திருக்கிறது.

பக்கத்து விருத்தாசலத்தில் இதற்கு ஒரு சின்ன முன்மாதிரி இருக்கிறது. நெய்வேலி வட்டாரத்துக் களிமண்ணை நம்பி அங்கே பீங்கான் தொழில் வளர்ந்தது. தொழிற்பேட்டையும், பீங்கான் தொழில்நுட்பத்தைக் கற்பிக்கும் அரசு நிறுவனமும் ஒரே ஊரில் அமைந்தன. ஃப்யூஸ் கேரியர், இன்சுலேட்டர், பொம்மை என்று செய்யும் சிறு கூடங்கள். பெரிய ஆலையில் ஓரத்தில் நிற்கும் பையன் இப்படிப்பட்ட கூடத்தில் இரண்டாம் வாரமே சூளைக்குப் பக்கத்தில் நிற்பான். வேறு ஆள் இல்லை என்பதே அவனுக்குக் கிடைக்கும் வாய்ப்பு. ஸ்விட்சர்லாந்தில் தனியாக முழுத் தொழிலையும் கற்றுக்கொடுக்க முடியாத சிறு நிறுவனங்கள் கூட்டணி சேர்ந்து ஒரே பழகுநரைச் சுற்றுக்கு விடுகின்றன. என்.எல்.சி.யின் ஒரு பழகுநர் ஆறு மாதம் பெரிய இயந்திரங்களோடும், மூன்று மாதம் மந்தாரக்குப்பத்திலோ வடலூரிலோ ஒரு மோட்டார் காயில் கட்டும் கடையிலும், மூன்று மாதம் கடலூர் சிப்காட்டிலும் இருந்தால் மறுநாள் அவனுக்கு மூன்று கதவுகளாவது தெரிந்திருக்கும்.

நிலமும் வேலையும்

நெய்வேலியில் பழகுநர் பயிற்சியைத் தனியே எடுத்துப் பேச முடியாது. அதன் அடியில் நிலம் இருக்கிறது. சுரங்கம் விரிய விரிய ஊர்கள் நகர்ந்தன. 2023 ஜூலையில் வளையமாதேவியில் கால்வாய் வெட்ட விளைந்து நின்ற நெற்பயிர்மேல் இயந்திரங்கள் இறங்கியதை நாடே பார்த்தது. நிலம் கொடுத்தவர் கேட்பது காசுக்கு அப்பால் ஒரு வேலை. அந்தக் கேள்விக்கு முழு விடை கொடுக்க முடியாதபோதெல்லாம் பயிற்சி முன்னே வைக்கப்படுகிறது: பழகுநர் சேர்க்கையில் முன்னுரிமை, திறன் வகுப்புகள், சான்றிதழ்கள். பயிற்சி நல்லதுதான். ஆனால் இழப்பீட்டின் ஒரு பகுதியாகக் கொடுக்கப்படும்போது அது கொடுப்பவருக்குக் கடன் கழிப்பாகவும் வாங்குபவருக்கு வேலையின் முன்பணமாகவும் தெரிகிறது. இருவரும் ஒரே காகிதத்தை இருவேறு விதமாக வாசிக்கிறார்கள். ஓராண்டு முடியும் நாளில் சண்டை வருகிறது. இதில் அந்தப் பையன்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ‘இது வேலைக்கு உறுதி அல்ல’ என்று எழுதிவிட்டால் எதிர்பார்ப்பு வராமல் இருக்குமா? அப்பாவின் முந்திரித் தோப்பு இருந்த இடத்தில் பெல்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது?

ஒப்பந்தத் தொழிலாளர் கேள்வியும் இதோடு பின்னியது. ஐடிஐயும் அப்ரண்டிஸும் முடித்தவன் ஒப்பந்தக்காரரிடம் சேரும்போது அவன் சான்றிதழுக்கு எந்த மதிப்பும் இல்லை. தேர்ச்சியற்ற ஆளாகவும் சேர்க்கப்படலாம். நாடு செலவழித்துக் கொடுத்த திறனை அதே வளாகத்தின் வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகிறான். டெண்டர் ஆவணத்தில் ஒரு நிபந்தனை சேர்த்தால் இது மாறும்: இன்னின்ன வேலைக்குப் பழகுநர் சான்று பெற்றவருக்கே இடம், அதற்கான கூலி விகிதம் இது என்று. சட்டத் திருத்தம் எதுவும் தேவையில்லாத காரியம்.

கரி தீர்ந்த பிறகு

1962இல் ஓடத் தொடங்கிய முதல் அனல்மின் நிலையம் 2020இல் முழுதாக நின்றது. அதற்கும் முன்னே உரத் தொழிற்சாலை போனது. வீடுகளில் அடுப்பெரித்த ‘லெக்கோ’ கரியைச் செய்த ஆலை போனது. லெக்கோ அடுப்பைப் பார்த்த கடைசித் தலைமுறை நாம்தான். அந்த ஆலைகளில் மட்டுமே பயன்பட்ட வித்தைகள் ஆலைகளோடு சேர்ந்து முடிந்தன. இப்போது என்.எல்.சி. சூரிய மின்சாரத்தில் ஆயிரம் மெகாவாட்டைத் தாண்டிவிட்ட நிறுவனம். அந்தச் சூரியப் பூங்காக்களில் பெரும்பாலானவை விருதுநகர், ராமநாதபுரம், திருநெல்வேலி பக்கம் இருக்கின்றன. ஒரு சுரங்கத்துக்குத் தேவைப்படும் ஆட்களில் சிறு பங்குகூட அவற்றுக்குத் தேவையில்லை.

எரிக் ஹனுஷெக்கும் அவரது சகாக்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வு இங்கே பொருந்தும். பல நாட்டுத் தரவுகளை வைத்து அவர்கள் கண்டது: தொழிற்கல்வி பெற்றவர்கள் இளவயதில் சீக்கிரம் வேலைக்குப் போகிறார்கள், வயது ஏற ஏற அந்த ஆதாயம் குறைந்து, தொழில்நுட்பம் மாறும்போது பொதுக்கல்வி பெற்றவர்களைவிடப் பின்தங்குகிறார்கள். பழகுநர் முறை வலுவாக உள்ள ஜெர்மனி, டென்மார்க், ஸ்விட்சர்லாந்திலேயே இது தூக்கலாகத் தெரிந்தது. இதைக் காட்டி ‘தொழிற்கல்வி வேண்டாம்’ என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் இன்று இருபது வயதில் பிட்டர் அப்ரண்டிஸ் முடிப்பவன் 2065 வரை உழைக்க வேண்டியவன். அத்தனை காலம் இந்தச் சுரங்கம் ஓடும் என்று யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள். கணக்கும் வரைபட வாசிப்பும் மின்னணு அடிப்படையும் அவனுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்திருக்க வேண்டும்.

நெய்வேலிக்கு ஜெர்மனியில் ஓர் ஒன்றுவிட்ட உறவு உண்டு. கிழக்கே லாவ்சிட்ஸ் பகுதி. அதே பழுப்பு நிலக்கரி, அதே பக்கெட் வீல். 1990க்குப் பிறகு அங்கே சுரங்க வேலைகள் கொத்துக் கொத்தாகப் போயின. இளைஞர்கள் மேற்கே கிளம்பினார்கள். 2038க்குள் நிலக்கரியை விட்டொழிப்பதென 2020இல் ஜெர்மனி சட்டம் இயற்றியபோது நிலக்கரி வட்டாரங்களுக்கென 40 பில்லியன் யூரோ ஒதுக்கியது. அதில் பிறந்தவற்றுள் ஒன்று கோட்புஸ் நகரில் 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட அதிவேக ரயில் பராமரிப்புப் பணிமனை. 1,200 பேருக்கு வேலை என்ற இலக்கோடு கட்டப்பட்டது. கரியை நம்பியிருந்த வட்டாரத்துக்குள்ளேயே வேறொரு கனரகத் தொழில். அங்கே எல்லாம் சரியாக நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. லாவ்சிட்ஸில் கசப்பும் நிறையவே இருக்கிறது. ஆனால் சுரங்கம் மூடும் தேதியும் அடுத்த தொழிலின் பயிற்சியும் ஒரே மேசையில் பேசப்பட்டன. நம்மூரில் சுரங்க விரிவாக்கம் ஓர் அமைச்சகம், ஐடிஐ இன்னொன்று, டிப்ளமோ, பட்டதாரிப் பழகுநர்கள் மூன்றாவது. நிலம் மாவட்ட ஆட்சியர்.

ஒரு பட்டியல் போதும்

இத்தனைக்கும் நடுவே உடனே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அதற்கு முப்பதாண்டு பழைய உத்தரவும் இருக்கிறது. 1995இல் உத்தரப் பிரதேசப் போக்குவரத்துக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம், மற்ற தகுதிகள் சமமாக இருந்தால் பயிற்சி பெற்ற பழகுநருக்கு நேரடியாக வருபவரைவிட முன்னுரிமை வேண்டும் என்றது. வயது வரம்பில் தளர்வைப் பேசியது. அதோடு, பயிற்சி நிறுவனம் தான் பயிற்றுவித்தவர்களின் பட்டியலை ஆண்டு வாரியாக வைத்திருக்க வேண்டும், முன்னே முடித்தவர் மூத்தவர் என்றும் சொன்னது. 2014 திருத்தம் சட்டத்தின் 22ஆம் பிரிவை மாற்றி, பழகுநர்களை வேலைக்கு எடுப்பது பற்றி ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு கொள்கை வகுக்க வேண்டும் என்றது. ரயில்வே, கடைநிலைப் பணியிடங்களில் 20 சதவீதத்தைப் பழகுநர் முடித்தவர்களுக்கு ஒதுக்கியிருக்கிறது. அதிலும் வழக்கு, போராட்டம் எல்லாம் உண்டு, ஆனாலும் ஓர் எண் இருக்கிறது, கேட்டுப் பெற ஓர் இடம் இருக்கிறது.

என்.எல்.சி. தன் பழகுநர்களின் ஆண்டு வாரிப் பட்டியலை எடுத்து, ஓராண்டு கழித்து, மூன்றாண்டு கழித்து அவர்கள் எங்கே என்று சேர்த்து எழுதலாம். பெயர்களை வெளியிட வேண்டியதில்லை. டிரேடு வாரியாக, ஊர் வாரியாக எண்கள் போதும். நிலம் கொடுத்த குடும்பத்தினர் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர், கற்ற தொழிலிலேயே இருப்பவர் எத்தனை, ஒப்பந்தக்காரரிடம் இருப்பவர் எத்தனை, எந்த டிரேடு முடித்தவருக்கு எங்குமே வேலை கிடைக்கவில்லை. பழகுநர் ஒப்பந்தங்கள் எல்லாம் மத்திய அரசின் இணையதளத்தில் பதிவாகின்றன. வேலையில் சேர்ந்தவருக்கு வருங்கால வைப்புநிதி எண் இருக்கிறது. இரண்டிலும் ஆதார் இருக்கிறது. மீதியைத் தொலைபேசியில் கேட்டுவிடலாம். அடுத்த அறிவிப்பில் எந்த டிரேடுக்கு எத்தனை இடம் என்பதை அந்தப் பட்டியலைப் பார்த்து முடிவு செய்யலாம். விண்ணப்பம் போட வரும் பையனும் அவன் வீட்டாரும் அதைப் பார்த்துவிட்டு, பிட்டரா, வெல்டரா, இல்லை நேரே ஒரகடமா என்று தீர்மானிக்கட்டும்.